செதில் நோயும் சிறுவர் மருந்தும்

குழந்தையின் முழங்கையிலும் முழங்காலிலும் சிவந்த தடிப்புக்கள் தோன்றி, வெள்ளி நிறச் செதில்கள் உதிர்வதைக் காணும் பெற்றோர் நோயை மட்டும் அஞ்சுவதில்லை. ஊரார் வாயையும் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்திற்கு நீண்டதொரு வரலாறு உண்டு.

பண்டைக் கிரேக்க வைத்தியர் செதிலுதிரும் சரும நோய்களை 'லெப்ரா' என்னும் பெயரால் குறித்தனர். பிற்காலத்தில் அப்பெயரே குட்டநோய்க்கும் உரியதாயிற்று. பெயர் ஒன்றானமையால் பழியும் ஒன்றாயிற்று. 1808ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் றொபேட் வில்லன் இந்நோயின் தோற்றத்தைத் தெளிவுற விவரித்தார். எனினும் பழைய பெயரை அவரும் விட்டாரல்லர். 1841இல் வியன்னா நகரத்து பேர்டினன்ட் வொன் ஹெப்ராவே அதனை நீக்கி, 'சொரியாசிஸ்' என்னும் பெயரை நிலைநிறுத்தினார்.

இது தொற்றுநோய் அன்று. உடலைக் காக்கும் எதிர்ப்புச் சக்தி நெறி தவறி, ஒரு மாத காலத்தில் வளர்ந்து உதிரவேண்டிய தோலைச் சில நாள்களிலேயே உதிரச் செய்கின்றது. சிறுவரிற் சிலருக்குத் தொண்டை அழற்சியின் பின் நீர்த்துளி போன்ற சிறு தடிப்புக்களாகவும் இது தோன்றுவதுண்டு.

மருந்தின் கதை விசித்திரமானது. பிரேசில் நாட்டு மரமொன்றிலிருந்து எடுக்கப்பட்ட தூள், போர்த்துக்கேயர் வழியாகக் கோவாவை அடைந்து, 'கோவாத் தூள்' என்னும் பெயருடன் படர்தாமரைக்கு வழங்கி வந்தது. 1876இல் பல்மனோ ஸ்குவயர் அதனைச் செதில் நோய்க்குரிய மருந்தாக வெளியிட்டார். 1925இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் கோக்கர்மன் நிலக்கரித் தாரையும் புறஊதாக் கதிரையும் இணைத்துச் சிகிச்சை வகுத்தார்.

உட்கொள்ளும் மருந்தின் வரலாற்றில் நம் அயல்நாட்டார் ஒருவருக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுகூடத்தை நடத்திய காலத்தில் அமினொப்ரெரின் உருவாயிற்று. 1948இல் பொஸ்ரன் நகரில் சிட்னி பாபர் அதனைக் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துத் தற்காலிகத் தணிவு கண்டார். 1951இல் மூட்டு நோய்க்கு அதனை ஆராய்ந்தபோது, செதில்களும் மறைவது புலப்பட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த மெதொரெக்சேற் 1958 முதல் இந்நோய்க்குப் பயன்பட்டு வருகின்றது.

எனினும் சிறுவர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. வளர்ந்தோரிடம் பெற்ற அனுபவத்தைக் கொண்டே அவர்களுக்கும் மருந்து அளக்கப்பட்டது. 4 முதல் 17 வயது வரையான 211 பேரிடம் எற்றனெர்செப்ற் என்னும் ஊசி மருந்தைச் சோதித்த ஆய்வு 2008இலேதான் வெளிவந்தது. பன்னிரண்டு வாரங்களில், மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 57 பேர் பெரும் நலம் கண்டனர். போலி மருந்து பெற்றோரில் 11 பேரே அவ்வாறு தேறினர். 2016இல் அமெரிக்கா அதனை 4 வயது முதலான சிறுவருக்கும் அனுமதித்தது.

இன்றும் பெரும்பாலான சிறுவருக்குப் பூச்சு மருந்தே முதற்படி. நோய் கடுமையாயின் மெதொரெக்சேற் போன்றவை தேவைப்படலாம். அது வாரத்தில் ஒரு நாள் மட்டுமே கொடுக்கப்படுவது. தவறி நாள்தோறும் கொடுப்பின் உயிருக்கே இடராகும். குருதியையும் ஈரலையும் இடையிடையே சோதித்தலும் இன்றியமையாதது.

நோயை அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் இல்லை. அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு. ஹெப்ரா பெயரைத் திருத்தி நூற்றெண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பள்ளி வாங்கில் அக்குழந்தையின் அருகே மற்றொரு குழந்தை தயங்காது அமரும் நாளிலேயே அத்திருத்தம் நிறைவுறும்.