மணி கேட்ட நேரம்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் திருக்கோணமலைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தன. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. வரலாற்று நூல்களில் சில வரிகளோடு முடிகின்ற அந்தக் காலை, என் அம்மம்மாவுக்கு முடியவே இல்லை. அபாயச் சங்கு ஊதும், கைப்பிள்ளையைக் காணாது, ஓட நினைத்தால் கால் எழும்பாது. இந்தக் கனவு அவரை ஆண்டுக்கணக்காக உலுக்கியது. அந்தக் கைப்பிள்ளைதான் என் தாயார்.

அம்மம்மாவிடம் இதற்கொரு மருந்து இருந்தது. பத்திரகாளி அம்மன் கோயில் மணி கேட்கும்போதெல்லாம் காய் நறுக்கும் கை நின்றுவிடும். "இப்ப நான் முழிச்சிருக்கிறனா, கனாக் காணுறனா?" என்று மெல்லக் கேட்பார், சுற்றிலும் பார்ப்பார், பிறகு நறுக்குவார். சிறுவர்களாகிய நாங்கள் சிரித்திருக்கிறோம்.

சைவ சித்தாந்தம் படிக்கப் புகுந்தபோதுதான் அந்தக் கேள்வியின் வயது எனக்குத் தெரிந்தது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் 13ஆம் நூற்றாண்டு நூல். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என ஐந்து அவத்தைகளில் உயிர் நிற்கும் என்பது சித்தாந்தம். நனவில் தொழிற்படும் கருவிகள் 35. கனவில் கண் முதலிய ஐந்தும் கை, கால் முதலிய ஐந்தும் ஓய்ந்துவிட, எஞ்சுவன 25. கால் எழும்பாதது ஏனென்று அம்மம்மாவுக்கு அப்போதே சொல்லியிருக்கலாம்! ஆனால் மனமும் புத்தியும் ஓய்வதில்லை. கேள்வி கேட்க அங்கும் ஆள் இருக்கிறது.

இதனிலும் நுட்பமானது, இந்த ஐந்தும் நனவுக்குள்ளேயே நிகழும் என்ற கருத்து. மத்தியாலவத்தை என்பர். கண் திறந்திருக்கையிலேயே நாம் அயர்கிறோம், மறக்கிறோம். ஆகவே விழிப்பைப் பகலிலேயே பழக வேண்டியிருக்கிறது.

பௌத்தரும் இதை அறிவர். நடத்தல், நிற்றல், உறங்கல், விழித்தல் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும் என்கிறது சதிபட்டான சூத்திரம். நம் மாவட்டத்து வெல்கம் விகாரை, இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மேற்கில் இதற்குச் சோதனைச் சான்று கிடைத்தது 1975இல். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹேர்ன் என்பவர் ஆய்வு செய்தார். உறங்கிக்கொண்டிருந்த அலன் வேர்ஸ்லி, தாம் கனவு காண்பதை உணர்ந்து, முன்னரே பேசிவைத்தபடி கண்விழிகளை இடமும் வலமுமாக அசைத்துக் காட்டினார். கருவி பதிவு செய்தது. ஜெர்மனிய உளவியலாளர் போல் தோலி கற்பித்த பயிற்சியோ அம்மம்மாவுடையதேதான்: நாளில் பலமுறை, இது நனவா கனவா என்று மெய்யாகவே ஐயுற்றுக் கேட்பது. வாய்ப்பாடாகச் சொன்னால் பலிக்காது. இப்போது பலர் கனவில் பறப்பதற்காக இதைப் பழகுகிறார்கள். பறக்கட்டும். அம்மம்மாவுக்கு வேண்டியிருந்தது வேறு.

எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு காலை தேநீர் குடித்தபடி சொன்னார். இரவு சங்கு ஊதியதாம். கூடவே கோயில் மணியும் கேட்டதாம். வழக்கம்போலக் கேள்வியைக் கேட்டாராம். கனவு என்று தெரிந்ததும் ஓடாமல் வாசற்படியில் உட்கார்ந்தாராம். பிள்ளை மடியில் உறங்கிக்கொண்டிருந்ததாம்.

"பிளேன் வரேல்லையா அம்மம்மா?"

"வந்தது ராசா. பாத்துக்கொண்டிருந்தன்."