சீராக்கிய போக்குக்கோடு

சீராக்கிய போக்குக்கோடு என்பது சிதறல் வரைபடம் ஒன்றில் பரந்து கிடக்கும் புள்ளிகளின் பொதுப்போக்கைக் காட்டுமாறு அவற்றினூடே வரையப்படும் வளைகோடு ஆகும். நேர்கோட்டுத் தொடர்புப்போக்கைப் போலன்றி, இது தரவின் வடிவத்தை முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. ஒவ்வோர் இடத்திலும் அருகிலுள்ள புள்ளிகளைக் கொண்டே கோட்டின் உயரம் கணிக்கப்படுகிறது. புள்ளியியல் நிரல்மொழியான ஆர் மொழியில் இதனை ஓரிரு வரி நிரலால் வரையலாம்.

வரலாறு

இதன் முன்னோடிகளுள் ஒன்று இந்தியாவில் தோன்றியது. பிரசந்த சந்திர மகாலனோபிசு 1960இல் வெளியிட்ட முறையில், குடும்பங்கள் செலவின் ஏறுவரிசையில் அடுக்கப்பட்டுச் சம எண்ணிக்கையுள்ள குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. குழுச் சராசரிகள் கோட்டால் இணைக்கப்பட்டன. இன்று பரவலாக வழங்கும் லோவெஸ் முறையை, பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வில்லியம் கிளீவ்லண்ட் 1979இல் வெளியிட்டார்.

செயற்படும் முறை

கோட்டின் ஒவ்வோர் இடத்திற்கும் அண்மைப் புள்ளிகளில் ஒரு பங்கு தெரிவு செய்யப்படும். அவற்றுள் நெருங்கியவற்றிற்கு மிகுந்த எடையும் தொலைவிலுள்ளவற்றிற்குக் குறைந்த எடையும் அளித்து, ஒரு சிறு நேர்கோடு பொருத்தப்படும். அவ்விடத்தில் அச்சிறு கோட்டின் உயரமே வளைகோட்டின் உயரமாகும். பின்னர், பெரிதும் விலகிய புள்ளிகளின் எடையைக் குறைத்து இக்கணிப்பு மீண்டும் செய்யப்படும்.

ஆர் மொழியில் 'பிளாட்' கட்டளையால் புள்ளிகளை இட்டபின், 'லைன்ஸ்' கட்டளைக்குள் 'லோவெஸ்' சார்பை அளித்தால் கோடு கிடைக்கும். அண்மைப் பங்கைக் குறிக்கும் 'எஃப்' அளபுரு, பயனர் குறிப்பிடாவிடில் 2/3 எனவும், மீள்கணிப்பைக் குறிக்கும் 'ஐட்டர்' 3 எனவும் கொள்ளப்படும். இவ்விரு இயல்பு மதிப்புகளும் எல்லாத் தரவுக்கும் ஏற்றவையல்ல.

மதுரை மழை

மதுரைச் சமவெளியின் பல ஆண்டு அன்றாட மழையளவை ஒரே படத்தில் இடுவதாகக் கொள்வோம்: கிடை அச்சில் ஆண்டின் நாள் (1 முதல் 365), நிலை அச்சில் மழை மில்லிமீட்டரில். இங்கு ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழையால் சிறு மேடும், சூனில் ஒரு பள்ளமும், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையின் முகடும் அமையும். இவற்றை நேர்கோட்டால் காட்ட இயலாது.

இயல்பு மதிப்பான 2/3ஐ விட்டுவைத்தால் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 243 நாள்களின், அதாவது எட்டு மாதங்களின், மழை கணக்கில் சேரும். கோடை மேடு கரைந்து மறையும். கோடை உழவு செய்யும் மானாவாரி உழவருக்கு வேண்டியது அம்மேடுதான். மதிப்பை 0.02 ஆகக் குறைத்தால் ஒரு வாரமே எஞ்சும். என்றோ பெய்த ஒரு பெருமழைகூடத் தனி முகடாகத் தோன்றும். 1/6 (சுமார் இரண்டு மாதம்) ஓரளவு பொருந்தும். இருப்பினும் இரண்டு மூன்று மதிப்புகளில் வரைந்து ஒப்பிடுவதே முறை.

இதனினும் பெரிய இடர் மீள்கணிப்பில் உள்ளது. மதுரையில் பெரும்பாலான நாள்களில் மழை இல்லை. ஆகவே எச்சங்களின் இடைநிலையளவு சிறிதாகவே இருக்கும். அதன் 6 மடங்கைத் தாண்டும் புள்ளியின் எடை சுழியாக்கப்படும். அளவீட்டுப் பிழைகளை நீக்கவென்றே அமைந்த இவ்விதி, இங்கே கனமழை நாள்களையே பிழையெனத் தள்ளிவிடுகிறது. கண்மாய்களை நிரப்புபவையோ அந்நாள்களே. விளைவாகக் கோடு உண்மைச் சராசரிக்கு வெகு கீழே அமிழும். நிரலோ எவ்வித எச்சரிக்கையும் தராது. 'ஐட்டர்' மதிப்பை 0 என அளித்தால் இக்குறை நீங்கும்.

ஆண்டின் இரு முனைகளிலும் ஒரு பக்கத்துப் புள்ளிகளே கிடைப்பதால் கோடு நம்பத்தகாததாகும். திசம்பர் 31ஐ அடுத்தது சனவரி 1 என்பது நிரலுக்குத் தெரியாது. தரவின் படியொன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் ஒட்டி வரைந்து, நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வாறு செய்யுங்கால் தரவு மும்மடங்காவதால் 'எஃப்' மதிப்பை மூன்றிலொன்றாக்க வேண்டும். இது பலமுறை மறக்கப்படுகிறது.

ஜிஜிபிளாட்2 தொகுப்பு கோட்டைச் சுற்றி ஒரு சாம்பல்நிறப் பட்டையையும் வரையும். அது சராசரிக் கோட்டின் ஐயப்பாட்டை மட்டுமே காட்டுகிறது. ஒரு நாளின் மழை அப்பட்டைக்குள் அடங்கும் என்பது அதன் பொருளன்று.