முள்ளியவளையும் இறுவட்டும்

வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர்க் கடல்நீரில் விளக்கெரியும் காட்டா விநாயகர் ஆலயம் அமைந்த ஊர் முள்ளியவளை. அவ்வூரார் தம் இல்லத்து மங்கல நிகழ்ச்சிகளைப் படமாக்கிப் பேணிய வரலாறும் அறியத்தக்கதே.

1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மின்கலமும் அரிதாயிற்று. 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு ஏ9 பாதை திறந்தபின், மின்பிறப்பாக்கியின் துணையோடு இறுவட்டு இயக்கிகள் வீடுகளிற் புகுந்தன. கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் திருமண இறுவட்டோ என்.ரி.எஸ்.சி. முறையினது, நொடிக்கு ஏறக்குறைய 30 படம். இலங்கைத் தொலைக்காட்சி பி.ஏ.எல். முறையினது, 25 படம். ஒன்றுக்கென எழுதியது மற்றதில் நிறமிழந்தோ உருண்டோ தோன்றும்.

அவ்வாறாயின் பெரும்பாலான இயக்கிகளில் ஓடக்கூடியது எது? 1993இல் வகுக்கப்பட்ட வீ.சி.டி.யே. அது கொள்வது 74 நிமிடம், தெளிவும் குறைவு. 4.7 கிகாபைற்று கொள்ளும் டி.வி.டி. சிறந்ததே, ஆயின் பழைய வீ.சி.டி. இயக்கி அதனைப் படிக்காது. எழுதியபின் வட்டினை முறைப்படி நிறைவுசெய்யாது விட்டாலோ, பிற இயக்கிகளும் அதனை ஏற்பது அரிது. ஆகவே நீண்டதொரு திருமணம் இரண்டு மூன்று வட்டுகளாகப் பிரிந்தது: தாலிகட்டு ஒன்றில், விருந்து மற்றொன்றில்!

நிற்க. 2008இன் பிற்பகுதியில் போர் நெருங்க, ஊர் இடம்பெயர்ந்தது. வீட்டோடு படங்களும் அழிந்தன. மீள்குடியேறிய சில குடும்பங்களுக்கு, முன்னர்க் கடல் கடந்து அனுப்பிய படியே எஞ்சிய சான்று. வட்டின் சாயப்படலம் வெயிலிலும் வெப்பத்திலும் மங்குமாதலால், அது இப்போது கணினிக்கு மாற்றப்படுகிறது. பந்தலிட்ட முற்றம் அப்படத்தில் மட்டுமே உண்டு.