ஆப்-ஆம்ப்: ஒற்றை மின்வழங்கலும் இரட்டை மின்வழங்கலும்

செயற்பாட்டுப் பெருக்கி அல்லது ஆப்-ஆம்ப் இயங்கத் தேவையான மின்னழுத்தத்தை இரு வகையில் அளிக்கலாம். நேர், எதிர் என இரு மின்னழுத்தங்களை (எ.கா. +15, −15 வோல்ட்) அளித்து அவற்றின் நடுப்புள்ளியைத் தரையாகக் கொள்வது இரட்டை மின்வழங்கல் எனப்படும். ஒரு நேர் மின்னழுத்தத்தையும் தரையையும் மட்டும் இணைப்பது ஒற்றை மின்வழங்கல் ஆகும்.

பொதுவாக ஆப்-ஆம்ப்களில் தரைக்கெனத் தனி முனை இல்லை. எனவே +15, −15 வோல்ட்டுக்கும், 30 வோல்ட், தரை ஆகியவற்றுக்கும் இடையே சில்லுக்கு வேறுபாடு தெரியாது. குறிகை தரைக்குக் கீழே செல்லுமா என்பதும், சில்லின் உள்ளீடும் வெளியீடும் வழங்கல் முனைகளை எவ்வளவு நெருங்க இயலும் என்பதுமே தேர்வைத் தீர்மானிக்கின்றன.

741 உம் 324 உம்

பேர்சைல்டு நிறுவனம் 1968 இல் வெளியிட்ட 741, இரு முனைகளிலிருந்தும் ஏறத்தாழ 2 வோல்ட் விலகியே ஒழுங்காக இயங்கும். ஒரேயொரு 9 வோல்ட் மின்கலத்தில் இதனை இணைத்தால் வெளியீடு சுழியத்துக்கு இறங்காது. சில்லு பழுதென்று எண்ணி வேறொரு 741 ஐப் பொருத்துவதால் பயனில்லை. நேஷனல் செமிகண்டக்டர் 1972 இல் வெளியிட்ட எல்எம்324 தரை வரையிலான உள்ளீட்டை ஏற்கும். சிறு சுமையில் அதன் வெளியீடு தரையிலிருந்து சில மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கும். மேற்புறத்தில் சுமார் 1.5 வோல்ட் குறையும். அதாவது 5 வோல்ட் வழங்கலில் 3.5 வோல்ட்டே கிடைக்கும்.

நூற்பாலைச் சோதனை

கோயம்புத்தூரில் 1956 இல் நிறுவப்பட்ட சிட்ரா போன்ற ஆய்வு நிலையங்களிலும் நூற்பாலைகளிலும் நூலின் சீர்மை அளக்கப்படுகின்றது. இரு தட்டுகளுக்கிடையே ஓடும் நூலின் நிறை மாறும்போது மின்தேக்கம் மாறுகின்றது. சராசரி நிறையைச் சுழியமாகக் கொண்டால் தடித்த இடம் நேர்க் குறிகையாகவும் மெலிந்த இடம் எதிர்க் குறிகையாகவும் தோன்றும். தரையை அடிமட்டமாகக் கொண்ட ஒற்றை வழங்கலில் எதிர்ப்பகுதி வெட்டுண்டு போகும். தறியில் நூல் அறுவதற்கு மெலிந்த இடங்கள் முக்கியக் காரணம் என்பதால், தேவையான தகவலே இழக்கப்படும். இங்கு இரட்டை மின்வழங்கலே இயல்பான தேர்வு.

நடுமின்னழுத்தம்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் மின்னோட்டத்தை அளக்கும் மின்மாற்றியின் வெளியீடும் இருபுறமும் அலையும் 50 எர்ட்சு குறிகையாகும். பேனலில் 12 வோல்ட் மட்டும் இருப்பின், இரு சம மின்தடையங்களால் 6 வோல்ட் நடுப்புள்ளியை உண்டாக்கிக் குறிகையை அதன்மீது ஏற்றலாம். அவ்வாறு செய்யாது நேரடியாக இணைத்தால், தரைக்குக் கீழ் 0.3 வோல்ட்டைத் தாண்டும் உள்ளீடு எல்எம்324 ஐப் பழுதாக்கக்கூடும்.

குறிகையை நடுப்புள்ளியில் ஏற்ற மின்தேக்கி வழியாக இணைப்பது எளிது. ஆனால் மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைத் தடுப்பதால், பஞ்சுப் பொதியின் எடை போன்று மாறாது நிற்கும் அளவுகளுக்கு இம்முறை உதவாது. எடைக்கருவிகளில் சுழிய எடைக்குரிய வெளியீட்டை 0.5 வோல்ட் போன்ற ஒரு நிலைக்கு உயர்த்தி, பின்னர் எண்முறையில் அதனைக் கழித்துக்கொள்ளலாம்.