மறுமுனையில் யாரேனும் உண்டா?

இணையத்தின் வழியே பலர் சேர்ந்து ஆடும் கணிப்பொறி விளையாட்டுகளை நீங்கள் ஆடியிருக்கலாம். பிறர் ஆடக் கண்டும் இருக்கலாம். ஆட்டம் தொடங்க வேண்டிய வேளையில், 'சர்வருடன் தொடர்பு கொள்ள முடியவில்லை' என்று திரையில் ஒரு வரி தோன்றும். அதற்கு மேல் ஒரு விளக்கமும் இராது. கோளாறு உங்கள் கணிப்பொறியிலா? வீட்டுக்கு வரும் கம்பியிலா? இடைவழியிலா? அல்லது எங்கோ தொலைவில் ஆட்டத்தை நடத்திக்கொண்டிருக்கும் சர்வர் என்னும் கணிப்பொறியிலேயா? இடம் தெரியாமல் பழுதை எப்படி நீக்குவது? இந்தக் கேள்விக்கு விடை காணும் கருவிகள் பிறந்த கதை சுவையானது.

தொடர்பு அறுந்துபோவது இணையத்துடன் கூடவே பிறந்த தொல்லை. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் முதல் செய்தி சென்றது 1969 அக்டோபர் 29 இரவு. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர் சார்லி க்ளைன், ஏறக்குறைய 500 கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் இருந்த கணிப்பொறிக்கு 'லாகின்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக அனுப்பினார். 'எல்' போயிற்று, 'ஓ' போயிற்று, 'ஜி' என்று தட்டியதும் மறுமுனைக் கணிப்பொறி செயலற்று நின்றுவிட்டது. பாதையில் ஒரு குறையும் இல்லை. பழுது மறுமுனையில் இருந்த நிரலில். அதை எப்படி அறிந்தார்கள் தெரியுமா? இரு முனைகளிலும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே வேலை செய்தார்கள்! சுமார் ஒரு மணி நேரத்தில் பழுதை நீக்கி, இணைப்பையும் பெற்றார்கள்.

இரண்டு கணிப்பொறிகளுக்குத் தொலைபேசி போதும். நூற்றுக்கணக்கில் பெருகிய பின்? கணிப்பொறியே கணிப்பொறியைக் கேட்க ஒரு வழி வேண்டும். 1981-இல் ஜான் போஸ்டல் வெளியிட்ட விதிமுறை ஒன்றில் அதற்கு இடம் செய்யப்பட்டது. ஒரு சிறு தகவல் பொட்டலத்தை அனுப்பினால், பெற்றவர் அதை அப்படியே திருப்பி அனுப்பிவிட வேண்டும். மலையை நோக்கிக் கூவினால் எதிரொலி வருமே, அதுபோல.

இதைப் பயன்படுத்தி ஒரு கருவி செய்தவர் மைக் மூஸ். அமெரிக்க இராணுவத்தின் பாலிஸ்டிக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1983 டிசம்பரில் அங்கிருந்த வலையமைப்பு விசித்திரமாக நடந்துகொண்டது. மூஸ் ஓர் இரவு முழுவதும் விழித்திருந்து நிரல் எழுதினார். விடியும்போது கருவி தயார். ஆனால் அதிலிருந்து முதல் பொட்டலம் புறப்படுவதற்குள் அவருடைய சக பணியாளர் பழுதான வன்பொருளைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்! பிறந்த அன்றே வேலையில்லாமல் நின்ற அந்தக் கருவிதான் இன்று உலகெங்கும் புழங்கும் 'பிங்'. நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் சோனார் எழுப்பும் ஒலியே அதன் பெயராயிற்று.

மூஸ் ரசித்துச் சொன்ன நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு கட்டடத்தில் ஈதர்நெட் இணைப்பு அவ்வப்போது அறுந்து போய்க்கொண்டிருந்தது. அதன் பொறுப்பாளர், ஒவ்வொரு எதிரொலி வரும்போதும் கணிப்பொறி 'பிங்' என்று உரக்கச் சொல்லுமாறு செய்து, அதை ஒலிபெருக்கியில் இணைத்தார். பிறகு கட்டடம் முழுவதும் நடந்து, கம்பி முனைகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். எந்த முனையைத் தொட்டபோது குரல் நின்றதோ அதுவே கோளாறான முனை. ஏட்டுப் பாடம் பல படித்தாலும் கிட்டாத சாமர்த்தியம் இது.

பிங் 'உண்டு', 'இல்லை' என்றுதான் சொல்லும். பாதையில் எங்கே அறுந்தது என்று சொல்லாது. அக்குறையை 1980-களின் இறுதியில் வான் ஜேக்கப்சன் தீர்த்தார். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஓர் எண் இருக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு ரூட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யம் ஆனால் பொட்டலத்தை எறிந்துவிட்டு அனுப்பியவருக்குத் தெரிவிக்கும். வழிதவறிய பொட்டலங்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிராமலிருக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. எண்ணை வேண்டுமென்றே 1, 2, 3 என்று வைத்து அனுப்பினால்? முதல் ரூட்டர், இரண்டாவது, மூன்றாவது என வரிசையாகத் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? 'ட்ரேஸ்ரூட்' செய்வது இதைத்தான்.

1996-இல் 'க்வேக்' என்னும் விளையாட்டு வந்த பின் பொறியாளர்களின் இச்சொல் சிறுவர் வாயிலும் புகுந்தது. ஆடுபவர் பெயருக்கு அருகே ஓர் எண். சர்வரை எட்டித் திரும்ப ஆகும் நேரம், மில்லி வினாடிகளில். இதை ஓரளவுக்கு மேல் குறைக்க எவராலும் இயலாது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சர்வர் 10,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், நேர்க்கோட்டில் இழை போட்டாலும் போய்வர 100 மில்லி வினாடி ஆகிவிடும். நீங்கள் என்ன விலைக்கு இணைப்பு வாங்கினாலும் சரி.

பிங் பதில் தருகிறது. ஆட்டம் மட்டும் இணையவில்லை. இது எப்படி? ஒரே கணிப்பொறிக்கு 'போர்ட்' எனப்படும் எண்ணிட்ட வாசல்கள் பல உண்டு. க்வேக்கின் வழக்கமான வாசல் 26000. வீட்டுக்காரர் விழித்திருக்கலாம், நீங்கள் தட்டும் வாசல் பூட்டியிருக்கலாம். இதற்கு நேர்மாறாக, ஃபயர்வால் என்னும் காவல் நிரல் பிங்கை மட்டும் தடுத்துவிட்டு ஆட்டத்தை அனுமதிப்பதும் உண்டு. ஆகவே பிங் மௌனம் சாதித்தால் சர்வர் இறந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

உண்மையிலேயே இறந்துவிட்ட சர்வர்களும் இருக்கின்றன. எங்கெங்கே ஆட்டம் நடக்கிறது என்று பட்டியலிட்டுத் தந்த 'கேம்ஸ்பை' சேவை 2014-இல் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த பல விளையாட்டுகள் ஒரேயடியாக முடங்கின. ஆடுபவரின் கணிப்பொறியில் பழுதில்லை, கம்பியில் பழுதில்லை, சில ஆட்டங்களில் சர்வர்கள்கூட ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் முகவரியைச் சொல்லத்தான் ஆளில்லை. ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. தாமே மாற்றுப் பட்டியல்களை நிறுவினார்கள். விளையாட்டு நிரலோ பழைய பெயரையே தேடிப்போகும். பெயர்களுக்கு உரிய முகவரிகளைக் குறித்து வைக்கும் 'ஹோஸ்ட்ஸ்' என்ற சிறு கோப்பு ஒவ்வொரு கணிப்பொறியிலும் உண்டு. அதில் கேம்ஸ்பையின் பெயருக்கு எதிரே புதிய பட்டியலின் முகவரியை எழுதிவிட்டார்கள். பல ஆட்டங்களில் அதுவே போதுமானதாயிற்று.