சிட்னி ஒலிம்பிக்கும் திறக்காத இணையதளமும்

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் என்றால் கர்ணம் மல்லேஸ்வரியின் வெண்கலப் பதக்கம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதே ஒலிம்பிக்கில் மைதானத்துக்கு வெளியே இன்னொரு போட்டியும் நடந்தது. அது ஒரு இணையதளத்தைப் பற்றிய வழக்கு!

புரூஸ் மக்வயர் பிறவியிலேயே பார்வையற்றவர். கணினித் திரையில் உள்ள எழுத்துக்களைப் புள்ளிகளாக மேலெழுப்பித் தரும் பிரெய்ல் கருவியின் உதவியால் விரல்களால் தடவி இணையத்தைப் படிப்பவர். ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தளத்தை மட்டும் அவரால் முழுமையாகப் பயன்படுத்த முடியவில்லை. காரணம் என்ன? அந்தக் கருவிக்குப் படம் தெரியாது. படத்துக்குப் பின்னால் நிரலில் சிறு விளக்கம் எழுதி வைத்தால்தான் அதை எடுத்துக் காட்டும். இதற்கு ஆல்ட் டெக்ஸ்ட் என்று பெயர். பல படங்களில் அது இல்லை. அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போகவும் அவருக்கு வழி இல்லை.

ஆஸ்திரேலியாவின் 1992 ஊனமுற்றோர் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் கீழ், 1999 ஜூன் மாதம் அவர் மனித உரிமைகள் மற்றும் சம வாய்ப்பு ஆணையத்தில் புகார் செய்தார். இணையதளங்களை எல்லோருக்கும் ஏற்றபடி அமைப்பதற்கான வழிகாட்டி விதிகளை டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்டதும் அதே ஆண்டு மே மாதத்தில்தான்.

அமைப்புக் குழு என்ன சொன்னது? முடிவுகள் பகுதியில் 1,295 வார்ப்புருக்கள் உள்ளன, ஒருவர் தினமும் 8 மணி நேரம் உழைத்தாலும் 368 நாட்கள் ஆகும், தனிக் கட்டமைப்புக்கு 22 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் செலவாகும் என்றது. சட்டத்தில் அளவுக்கு மீறிய சுமை என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. அதனால்தான் இந்தக் கணக்கு. மக்வயர் தரப்பு நிபுணர்களோ, வார்ப்புருக்கள் அவ்வளவு இல்லை, அனுபவமுள்ள ஒருவர் சில உதவியாளர்களுடன் நான்கு வாரத்தில் முடித்துவிடலாம் என்றார்கள்.

2000 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பு வந்தது. சுமை என்ற வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. படங்களுக்கு விளக்கம், விளையாட்டுப் பட்டியலுக்கு வழி, போட்டி முடிவுகளைப் படிக்கும் வசதி ஆகிய மூன்றும் தொடக்க நாளான செப்டம்பர் 15-க்குள் வேண்டும் என்றது. இணையதளங்களின் அணுகல் பற்றிய முன்னோடித் தீர்ப்பாக இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் குழு உத்தரவை முழுமையாக நிறைவேற்றவில்லை. போட்டிகள் முடிந்த பிறகு, நவம்பரில், மக்வயருக்கு 20,000 டாலர் நஷ்டஈடு தர உத்தரவானது.

வணிகக் கண்ணோடு பார்த்தால் இங்குதான் சிக்கல். குழு சொன்ன செலவு 22 லட்சம், கட்ட வேண்டியதோ 20,000! பேரேட்டில் இது லாபமாகத்தான் தெரியும். பின்னர் அந்தக் கணக்கு மாறியது. அமெரிக்காவில் டார்கெட் நிறுவனத்தின் மீது பார்வையற்றோர் கூட்டமைப்பு 2006-ல் தொடுத்த வழக்கு, 2008-ல் 60 லட்சம் அமெரிக்க டாலர் சமரசத்தில் முடிந்தது.

கட்டிய வீட்டை இடித்து வாசல் வைப்பதற்குச் செலவு அதிகம்தான். வரைபடத்திலேயே வாசலை வரைந்திருந்தால்? சிட்னி தளத்தின் உண்மையான கணக்கு அதுதான். நஷ்டஈடு நவம்பரில் வந்தது. மக்வயர் படிக்க விரும்பிய போட்டி முடிவுகள் செப்டம்பரோடு போய்விட்டன.