பளிக்கறையின் உட்புறம்



பெண்ணைத் தலைவியாகக் கொண்ட கதைகளை ஆண்பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும் என்று கல்லூரி மாணவர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். விடைக்கு நான் நெடுந்தொலைவு செல்லவில்லை, மணிமேகலையை எடுத்தேன்.

புகார் நகரில் மதங்கொண்டு திரிந்த யானையை அடக்கிவிட்டுத் தேரேறி வருகிறான் சோழ இளவரசன் உதயகுமரன். அழகன், வீரன், அரசுக்கு உரியவன். வேறொரு கதையாயின் அவனே தலைவன். இங்கோ, அவனது தேரொலி கேட்டதும் உவவனத்தில் சுதமதி நடுங்குகிறாள். மலர் கொய்ய வந்த மணிமேகலை பளிக்கறைக்குள் புகுந்து மறைகிறாள். பளிங்கின் வழியே அவள் உருவம் வெளியே தெரிகிறது. வாயில் எங்கே என்று அறியாமல் இளவரசன் சுவரைத் தடவுகிறான். படிக்கின்ற நாம் அப்போது எங்கே நிற்கிறோம்? இளவரசனின் அருகில் அன்று. சாத்தனார் நம்மைப் பளிக்கறையின் உள்ளே நிறுத்திவிட்டார். யானையை அடக்கிய கை, உட்புறத்திலிருந்து காணும்போது வேறு கையாகத் தோன்றுகிறது. அவள் நெஞ்சமும் அவனை நாடியது என்பதைப் புலவர் மறைக்கவில்லை. ஆயினும் தன் வழியைத் தானே தெரிந்துகொள்ள அவள் விரும்பினாள். அவனோ அதைக் கேட்கவே இல்லை.

இந்நூலை உ. வே. சாமிநாதையர் 1898 இல் பதிப்பித்தபோது கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். அவர்முன் அமர்ந்து பாடங்கேட்டோர் ஆண்பிள்ளைகளே. அக்காலத்தில் தமிழ்நூல் வாசகர் என்றாலே பெரும்பாலும் ஆடவர்தாம். 1901 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, சென்னை மாகாணத்துப் பெண்களில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருந்தனர்.

அத்தகைய காலத்தில் ஓர் இளைஞர், பெண்ணொருத்தி தன் கதையைத் தானே கூறுவதாக ஒரு நாவலை எழுதத் துணிந்தார். அவர் பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா. 1892 இல் ‘சாவித்திரி சரித்திரம்’ என்ற பெயரில் ‘விவேக சிந்தாமணி’யில் அது வெளிவரத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபது. தொடர் இடையிலேயே நின்றது. பின்னர் 1903 இல் ‘முத்துமீனாட்சி’ என்னும் நூலாயிற்று. சிறுவயதுத் திருமணம், புக்ககத்துக் கொடுமை, இளமையிலேயே கைம்மை, இறுதியில் மறுமணம் என்று செல்லும் கதை. மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856 இலேயே வந்துவிட்டது. வீடுகளுக்குள் அது நுழையவில்லை. அவ்வீடுகளின் கதவைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை பெற்றிருந்தவர்கள் தந்தையரும் தமையன்மாரும் கணவன்மாருமே. நூலைப் படிக்கக்கூடியவர்களும் அவர்களே! அவர்கள் கையில் ‘நான்’ என்று ஒரு பெண் பேசும் ஏட்டைக் கொடுத்தார் மாதவையா. படித்து முடிக்கும்வரையேனும் அந்த ‘நான்’ அவர்களுடையதாகியே தீர வேண்டும். ஆயிரம் மேடைப் பேச்சுக்களைவிட இஃது உள்ளே செல்லும் என்பது என் கருத்து. பேச்சைக் கேட்பவன் மறுத்துப் பேசலாம்; கதைக்குள் புகுந்தவன் யாரை மறுப்பான்?

என் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். என் தமக்கை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றாள். மணமும் விரைவிலேயே முடிந்தது. அவளுடைய மேசை எனக்குக் கிடைத்தது. அன்று நான் மகிழ்ந்ததைத் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. கல்லூரி விடுதியில் ஓரிரவு முத்துமீனாட்சியைப் படித்து முடித்தபோதுதான் அந்த மேசை நினைவிற்கு வந்தது. மறுநாளே அவளுக்குக் கடிதம் எழுதினேன். மேலே படித்திருந்தால் என்ன படித்திருப்பாய் என்று கேட்டேன். மூன்று வாரம் கழித்து அஞ்சலட்டை வந்தது. குழந்தைகளின் நலம், மழை, மாட்டின் கன்று என்று எல்லாம் எழுதிவிட்டு, ஓரத்தில் இடமில்லாத இடத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள்: “கணக்கு.”